அத்துவானத்துக்கு ஓர் உதாரண வாக்கியம்

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அத்துவானம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்.
2. அதைச் சொல்பவர் எங்கே இருந்துகொண்டு சொல்கிறார்.
3. அகராதியில் இருக்கும் அந்த வாக்கியம்.
4. இங்கே உங்கள் இருவருக்கும் உள்ள அறை.

நான்காவதை முதலில் வைத்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நீ கேட்டிருப்பது மூன்றாவதை. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, அடிவார ஊர் மருத்துவர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், மருத்துவமனை என் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான், ஆனால் அந்த வாக்கியம் அகராதியில் இருக்கும்வரை என் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்கிறார். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் கழித்து வந்த கடிதத்தில் நலம் விசாரிக்கக்கூட நீ இடம் விடவில்லை. குறையாகச் சொல்லவில்லை. சொன்னது குறையாகத் தொனித்தால் மன்னித்துவிடு.

முதலாவது. காடு என்று சொல்ல மரங்கள் இருந்தால் போதும். வனம், கானகம், அடவி எல்லாம் பெரும்பாலும் ஏட்டில் வாழ்பவை; அடவிக்குப் போய் விறகு கொண்டுவா என்று யாரும் யாரையும் அனுப்புவதில்லை. பட்டிக்காடு என்பதை இடத்தைச் சொல்வதைவிட ஆளைத் திட்டத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். அத்துவானம் இவற்றோடு சேராது. அதில் மரத்தைவிட ஆளில்லாமைதான் முக்கியம். முதல் பதிப்பில் 'ஆள் நடமாட்டமற்ற, எளிதில் சென்றடைய முடியாத காட்டுப் பகுதி' என்று பொருள் எழுதினேன். வேர் எதுவென்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, அதனால் தொடவில்லை.

இரண்டாவது. இது என் நெடுநாள் சந்தேகம். அந்தச் சொல்லைச் சொல்பவர் அங்கே இருப்பதில்லை. 'நான் அத்துவானத்தில் இருக்கிறேன்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது எப்போதும் இன்னொருவர் வீட்டைப் பற்றிய சொல். முதல் பதிப்பில் இதை ஒரு குறிப்பாகச் சேர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சேர்த்திருந்தால் மாப்பிள்ளைக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரிப் பட்டிருக்கலாம்.

மூன்றாவது. உன் கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் மரக்கிடங்கு லாரியில் ஏறிப் போனபின் அம்மா வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "பெத்த பொண்ண இப்படி அத்துவானக் காட்டுல தள்ளிட்டியேடா." இடம் பார்த்து முடித்தவன் நான்தானே. எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. உதாரண வாக்கியத்தை நாமே இட்டுக்கட்டக் கூடாது. எங்காவது படித்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். அத்துவானத்துக்கு என் கையில் வேறு வாக்கியம் இருக்கவில்லை. 'பெண்ணை இப்படி அத்துவானக் காட்டில் தள்ளிவிட்டாயே' என்று போட்டேன். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று படிப்பவருக்குத் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். பிறகு அந்தப் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு மாப்பிள்ளைக்கே அனுப்பி வைத்தேன்.

இரண்டாம் பதிப்பின் அச்சுப்படி இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓய்வு பெற்றவன் என்றாலும் பழைய மரியாதைக்கு 'அ' வரிசையை என்னிடம்தான் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்தை எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான இன்னொன்றை வைக்க வேண்டும். சும்மா எடுத்தால் புதிதாக வந்திருக்கும் பதிப்பாசிரியர் ஆதாரம் கேட்பார். உங்கள் பக்கம் அந்தச் சொல்லை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான்காவது. உள்ளறையில் அகராதிக்காகச் சொற்களை எழுதிவைத்த அட்டைகளின் பெட்டிகள்தான் குடியிருக்கின்றன. அவற்றைக் கூடத்துக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன். ஜன்னல் தெருப்பக்கம் திறக்கும். கீழே இருசக்கர வாகனப் பட்டறை. பகலில் சத்தம் உண்டு. மாப்பிள்ளைக்குச் சத்தம் ஆகுமா என்று தெரியவில்லை.

உன் அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

நீங்கள் எண் போட்டு எழுதியதை இவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் வீடு பத்திக்கிட்டாலும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுட்டுத்தான் தண்ணி எடுப்பாரு" என்றார். சிரித்ததில் இருமல் வந்து, தணிய வெகுநேரம் ஆயிற்று.

நலம் விசாரிக்கவில்லை என்கிறீர்கள். அண்ணி போனபோது நான் நாலு பக்கம் எழுதினேன். உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அன்றோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

புத்தகம் வந்த கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. இவர் அப்போது கிடங்கில் மரம் அளப்பவர். பகலெல்லாம் அளவு நாடாவும் கையுமாக அலைந்துவிட்டு, சாயங்காலம் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உங்கள் அகராதியைக் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படிப்பார். "மச்சான் எழுதினது. வரி விடாமப் படிக்கணும்" என்பார். உங்கள் சொல் 'அ'வில் வந்து தொலைத்ததே. இரண்டு மூன்று நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். 'வ'வில் இருந்திருந்தால் அவர் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குத் தலை நரைத்திருக்கும், கோபப்படத் தெம்பும் இருந்திருக்காது.

அம்மா பிறகு எங்களிடமே அதைச் சொல்லியிருந்தாள், அதனால் யார் வாக்கியம் என்று இவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா சொன்னதற்காக அவருக்குக் கோபம் இல்லை. "மாமியார்னா சொல்லத்தான் செய்வாங்க. அச்சடிச்சு, அட்டை கட்டி, என் பேருக்கே பார்சல் போட்டாரு பாரு, அதத்தான் தாங்க முடியல" என்றார். அன்றைக்கு மூடியதுதான். புத்தகம் அரிசிப் பானை மூடிமேல் கனமாக இருக்கிறது. எலி தள்ளுவதில்லை.

இனி நீங்கள் கேட்ட விசாரணை. கிடங்கை மூடியபிறகு தொலைபேசிக் கம்பியைக்கூடச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது நாங்கள், காவலாளி குடும்பம், மேட்டில் கரி சுடுபவர். வானிலை அலுவலகத்துக்காக நான் தினமும் காலையில் மழைமானியைப் பார்க்கிறேன். மழையே இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினால்தான் சம்பளம். அந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமைதோறும் தபாலோடு வரும் ஜீப்பின் ஓட்டுநரிடம் கேட்டேன். "அத்துவானம்னா எதுங்க?" என்றேன்.

"இதான்மா. நீங்க இருக்கிறதுதான். வேற எங்க போய்த் தேட?"

காவலாளி பக்கத்தில்தான் நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், வாரா வாரம் ஜீப் வருது. இதப் போய் அத்துவானங்கிற. மேட்டுல கரி சுடுறான் பாரு, அவன் இருக்கிறது அத்துவானம். சீக்கு வந்தா ஈ காக்கா எட்டிப் பாக்காது."

மேட்டுக்குப் போனேன். கரி சுடுபவர் விறகு அடுக்கிய மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை.

"நானா? எனக்கு நாய் இருக்கு, அடுப்பு இருக்கு. கீழ நீங்க இருக்கீங்க. கணவாய்க்கு அந்தப் பக்கம் பாருங்க, அதான் அத்துவானம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தானே சொல்றேன்."

கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் விசாரிக்கச் சொல்லாதீர்கள். முழங்கால் வலிக்கிறது.

வந்து இவரிடமும் கேட்டேன், நீங்கள் எதை அத்துவானம் என்பீர்கள் என்று. "எழுதிக்கோ. உங்க அண்ணன் குடியிருக்கிற மாடி" என்றார்.

போதுமா? ஏதோ ஒன்றைப் போட்டு அதை வெட்டுங்கள். மழைக்கு நாள் இருக்கிறது என்று மழையை அளப்பவளுக்கு எழுதாதீர்கள்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணியைப் பற்றி நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தேன். எந்தச் சொல்லை எழுதினாலும் அதன் பொருள்தான் தெரிந்தது, அவள் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

உன் விசாரணையைப் பலமுறை படித்தேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு களக் குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஓட்டுநர் உங்களைக் காட்டுகிறார், காவலாளி மேட்டைக் காட்டுகிறார், மேட்டில் இருப்பவர் கணவாயைக் காட்டுகிறார். ஒருவர்கூடத் தன் காலடியைக் காட்டவில்லை. என் இரண்டாவது குறிப்பு சரிதான் என்று தோன்றுகிறது. சொல்பவர் இல்லாத இடமே அத்துவானம். இம்முறை அதை அச்சில் ஏற்றிவிடலாம் என்று துணிகிறேன்.

மாப்பிள்ளையின் வாக்கியத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நயமானதுதான். ஆனால் கோபத்தில் சொன்னதை நாங்கள் உதாரணமாக வைப்பதில்லை.

கரி சுடுபவருடைய வாக்கியம்தான் பொருத்தம். ஒரே ஒரு ஐயம். அவர் 'அத்துவானம்' என்றாரா, 'அத்துவானக் காடு' என்றாரா? 'கணவாய்க்கு அந்தப் பக்கம்' என்றாரா, 'கணவாய்க்கு அப்பால்' என்றாரா? நீ நினைவிலிருந்து எழுதியிருப்பாய். நினைவில் நம் சொல் கலந்துவிடும். எனக்கே பலமுறை அப்படி நேர்ந்திருக்கிறது. இன்னொரு முறை கேட்டு, அவர் வாயில் வந்தபடியே எழுதி அனுப்ப முடியுமா? முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாய். கேட்கக் கூசுகிறது. ஆனால் தவறான வாக்கியம் ஒன்றால் பட்டபாடு போதாதா என்றுதான் கேட்கிறேன்.

அட்டைப் பெட்டிகளில் பாதியைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கூடத்தில் நடக்க இடமில்லை.

உன் அண்ணன்

&nbsp;

மே 14

அண்ணாவுக்கு,

கோபத்தில் சொன்னதை வைக்க மாட்டீர்கள். அம்மா சொன்னது மட்டும் கொஞ்சலா?

இவர் இப்போது படுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்குகிறார். நான் கீழே பாய் போட்டுப் படுத்து, மேலே அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். இரைச்சல் இருந்தால் பயமாக இருக்கிறது. நின்றால் அதைவிடப் பயமாக இருக்கிறது. இப்படிப்பட்டவரைக் காவலாளி மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உங்களுக்காக மேட்டுக்குப் போனேன், அவர் 'அந்தப் பக்கம்' என்றாரா 'அப்பால்' என்றாரா என்று கேட்க.

கரி சுடுபவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னம்மா, நான் சொன்னதுல ஏதும் கேஸ் ஆயிடுச்சா?"

"இல்லங்க. எங்க அண்ணன் புத்தகத்துல போடப்போறாரு."

"என் பேரா?"

"பேரு இல்ல. நீங்க சொன்னது."

"பேரு போடாம நான் சொன்னதப் போட்டு என்ன புண்ணியம்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டத்திலிருந்து கீழே இறங்கி வந்தார். "ஐயாவுக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டார். "எழுதிக்கோங்க. கணவாய்க்கு அந்தப் பக்கம் அத்துவானம், யாரும் இல்ல. இதான் சொன்னேன். சும்மா ஏறி இறங்காதீங்கம்மா, ஏதாச்சும்னா கீழ நின்னு கூப்பிடுங்க, காத்து இல்லாத நாள்ல கேக்கும்."

ஓர் எழுத்து மாறவில்லை அண்ணா. முதலில் எழுதியதேதான்.

காவலாளிக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். நேற்று மழைமானியில் முதல் தண்ணீர் விழுந்தது. கொஞ்சம்தான். ஆனால் காற்று திரும்பிவிட்டது.

தங்கை

&nbsp;

மே 22

அன்புள்ள தங்கைக்கு,

வெட்டிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே பதிப்பாசிரியரிடம் போய் என் கையால் கொடுத்துவிட்டு வந்தேன். இத்துடன் புதிய அச்சுப்படியின் அந்தப் பக்கம் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் காட்டு. அவர் நம்ப வேண்டும் என்பதற்காகப் பதிப்பாசிரியரின் சுருக்கொப்பமும் வாங்கியிருக்கிறேன்.

'அத்துவானம்: ஆள் நடமாட்டமற்ற, எளிதில் சென்றடைய முடியாத காட்டுப் பகுதி. *கணவாய்க்கு அந்தப் பக்கம் அத்துவானம், யாரும் இல்லை.* குறிப்பு: பேசுபவர் தாம் இல்லாத இடத்தைச் சுட்டவே இச்சொல்லை ஆள்வார்.'

'யாரும் இல்ல' என்பதை 'யாரும் இல்லை' என்று மாற்றினேன். அது அலுவலக வழக்கம். கரி சுடுபவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

என் வீட்டுப் படிகள் செங்குத்தானவை. கீழே பட்டறைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடலாம் சார். எஞ்சினே தூக்குறோம்" என்கிறார். அண்டை வீட்டாரிடம் ஓர் உதவி கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கேட்டபிறகு அப்படியொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. மருத்துவமனையில் நெஞ்சுப் பிரிவு எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளறை காலி. கட்டிலின் தலைமாட்டை உயர்த்திச் செங்கல் வைத்திருக்கிறேன், சாய்ந்து தூங்க வசதியாக.

முதல் ஜீப்பில் புறப்படுங்கள். எதையும் மூட்டை கட்டி நேரம் போக்க வேண்டாம்.

உன் அண்ணன்

&nbsp;

ஜூன் 3

அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஜீப் வெளியே நிற்கிறது.

போன வியாழன் வர வேண்டிய உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. தாளை இவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, அடிக்கட்டையை அளப்பது போல மேலும் கீழும் பார்த்தார். பிறகு அரிசிப் பானை மேலிருந்த புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கத்தில் இந்தத் தாளை வைத்து மூடினார். "ஒரு வரிய அடிக்க ஒரு ஆயுசு ஆயிருக்கு உங்க அண்ணனுக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போவோம். அந்த மாடிப்படி எத்தனை செங்குத்துன்னு பாத்துடலாம்" என்றார்.

இன்றைக்கே ஏறியிருப்போம். காவலாளி வீட்டுச் சாமான்களும் பிள்ளைகளுமாக ஜீப் நிறைந்து கிடக்கிறது. இவரால் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வர முடியாது, சாய்ந்து வர இடம் வேண்டும். அடுத்த வியாழன் எங்களுக்காக மட்டும் காலியாகக் கொண்டுவருகிறேன் என்று ஓட்டுநர் சொல்கிறார். காவலாளி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இறங்கிவிடவா, நீங்கள் ஏறுங்கள் என்றாள். குழந்தைக்கு ஜுரம். எப்படி இறங்கச் சொல்ல?

வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்தில் நில்லுங்கள்.

தங்கை

&nbsp;

ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பேருந்து நிலையத்தில் நின்றேன். உங்கள் பக்கத்திலிருந்து வரும் வண்டியின் நடத்துநர், உங்கள் இடத்துக்கு ஏறும் வழியில் இருக்கும் தரைப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது என்கிறார். "எப்ப சரியாகும்?" என்று கேட்டேன். "தண்ணி வடியணும்ல சார்" என்றார்.

இந்தக் கடிதம் உன்னை எப்படி வந்து சேரும் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மருந்து இருக்கிறதா? உங்களோடு யார் இருக்கிறார்கள்? காவலாளி போய்விட்டாரே என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

வானொலியில் உங்கள் மாவட்டத்தின் மழையளவைச் சொன்னார்கள். உன் மழைமானியின் அளவு அதில் இல்லை. அனுப்ப வழி இல்லாததால்தான் இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன்

&nbsp;

ஜூலை 2

அண்ணாவுக்கு,

பாலத்தைப் பார்க்க ஒரு பொறியாளர் கயிறு பிடித்து நடந்து வந்திருக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

இவர் போய்விட்டார். ஜீப் வர வேண்டிய வியாழன் கழிந்து, அதற்கடுத்த வியாழனுக்கு முன்னால். சரியாகச் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையிலேயே சட்டை போட்டு, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் ஆரம்பித்த மழை விடவில்லை. மத்தியானம்வரை காது கொடுத்துக்கொண்டிருந்தார். "தரைப்பாலம் போயிருக்கும். அது ஒரு மரத்துண்டு வந்து இடிச்சாலே போயிடும்" என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

அந்தச் சட்டையோடுதான் போனார். விடிகிற நேரம். மூச்சு இரைந்துகொண்டே இருந்தது, பிறகு மெல்ல ஆனது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே ஓடி, மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். அன்றைக்குக் காற்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. காவலாளி வீட்டுக் கதவைப் போய்த் தட்டினேன். ஆள் போய்விட்டது தெரியும், ஆனாலும் தட்டினேன். கதவு தானாகத் திறந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வாசலில் உட்கார்ந்து, "இந்த அத்துவானக் காட்டுல நான் யாரக் கூப்பிடுவேன்" என்று வாய்விட்டு அழுதேன். யார் என்னைத் தள்ளினார்கள் என்றும் சொன்னேன். உங்கள் பெயரைத்தான் சொன்னேன் அண்ணா. மறைக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் இந்த இடத்தை நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா சொன்னபோது சண்டை போட்டேன். உங்களுக்காக வீடு வீடாகக் கேட்டபோதுகூட என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மழை சற்று விட்டபோது கரி சுடுபவர் நாயோடு தானாக இறங்கி வந்தார். எங்கள் வீட்டில் அடுப்புப் புகை எழாததைப் பார்த்து வந்தாராம். நாங்கள் இரண்டு பேர். தூக்க முடியவில்லை. கரி மூட்டைகளை இழுக்கும் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனோம். கிடங்குக்குப் பின்னால் அவர் குழி வெட்டினார். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நான் பாத்திரத்தால் இறைத்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீரில்தான் இவரை வைத்தோம்.

மழைமானி வழிந்துவிட்டது. அளக்க முடியாது. 'வழிந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் சொன்னதை நீங்கள் எங்கேயும் எழுதிக்கொள்ள வேண்டாம். அறையைக் காலி செய்து வைத்திருப்பீர்கள். உங்கள் பெட்டிகளைத் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தங்கை

&nbsp;

ஜூலை 13

அன்புள்ள தங்கைக்கு,

அடிவார ஊரிலிருந்து எழுதுகிறேன். சாலை முடியும் இடத்தில் லாரிக்காரர்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அதில் ஒரு கட்டில் எடுத்திருக்கிறேன். தரைப்பாலத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வேலையாட்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறார்கள். நேற்று நானும் போய் நின்றேன். தண்ணீரைப் பார்த்ததும் கால் நகரவில்லை. மேஸ்திரி, "பெரியவரே, போறதுன்னா போங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க, ஆள் வேலை செய்யணும்" என்றார். தள்ளி நின்றுகொண்டேன். இன்று காலையிலும் போனேன். நாளையும் போவேன். இந்தக் கடிதத்தை அவர்களில் ஒருவர் முன்னால் கொண்டுவருகிறார்.

நீ அந்த மே மாதத்து ஜீப்புகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதை நான் படித்துவிட்டேன். ஏப்ரலிலேயே நீ அந்த வாக்கியத்தை எனக்கு எழுதிவிட்டாய். ஓர் எழுத்தும் மாறவில்லை என்று தெரிந்துகொள்ள உன்னை இரண்டாம் முறை மேட்டுக்கு அனுப்பினேன். உலர்ந்த சாலையில் எத்தனை ஜீப் வந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். தொடங்கியதை முடிக்கவில்லை. நீ என் பெயரைச் சொன்னது சரிதான்.

புறப்படுமுன் பதிப்பாசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். 'அ' வரிசை அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. அத்துவானத்தின் கீழ் இருக்கும் குறிப்பை நீக்கச் சொன்னேன்.

"எந்தக் குறிப்பு சார்? பேசுபவர் தாம் இல்லாத இடத்தை, அதுவா? நல்லா இருந்துச்சே."

"அத எடுத்துடுங்க."

"மாறான வழக்கு ஏதும் கிடைச்சுதா? வாக்கியம் இருந்தா குடுங்க சார், சேர்த்துடலாம்."

"குடுக்க முடியாது."

"ஆதாரம் இல்லாம எடுத்தா நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? விதி உங்களுக்கே தெரியுமே. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"தெரியும்" என்றேன். "சும்மா எடுத்துடுங்க."

அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சரி என்றார். அவ்வளவுதான். ஆதாரம் காட்டாமல் ஒரு வரியை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. ஏப்ரலிலும் அவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரைக்கு வந்துவிட்டால் நேரில் கேட்பேன். வேண்டாம் என்று நீ சொன்னால், காவலாளியின் வீடு காலியாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், அங்கே சில நாள் இருக்க அனுமதி கேட்பேன். மழையை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் நிற்பவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று உனக்கு எழுதினேன். அது தவறு.

உன் அண்ணன்